திங்கட்கிழமைப் பாடம்

பிரசங்கம் எழுதப் பழக வந்தவனுக்கு எங்கள் ஐயர் போட்ட முதல் சட்டம், திங்கட்கிழமை வேதாகமத்தைத் திறக்கக் கூடாது என்பது. திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். இறையியல் கல்லூரிக்குப் போகுமுன், ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் வட்டாரமான சேகரம் ஒன்றில் சபை ஊழியராக இருந்து வேலை பழக என்னை அவரிடம் விட்டிருந்தார்கள். வேறு சேகரங்களில் பழகிய நண்பர்கள், வசனத்தை எடுத்து மூன்று தலைப்பாகப் பிரிப்பது, தலைப்புக்கு ஒரு குட்டிக்கதை சேர்ப்பது, கடைசியில் குரலை ஏற்றி முடிப்பது என்று சீக்கிரம் தேறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்த ஆசான் வேறு மாதிரி.

திங்கட்கிழமை ஊருக்குள் போய்வர வேண்டும். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, டீக்கடை, யார் வீட்டிலாவது துட்டி, அதாவது சாவு. ஜனங்கள் எதைப் பேசும்போது குரல் மாறுகிறது, எதற்குப் பயப்படுகிறார்கள், கையில் காசு வந்தால் முதலில் எதற்கு எடுத்துவைக்கிறார்கள் என்று கவனித்து, ராத்திரிக்குள் அதை ஒரே ஒரு கேள்வியாக எழுதிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்வியை ஐயர் பார்ப்பார். பெரும்பாலும் தள்ளிவிடுவார். "இது உன் கேள்வில்லா. ஜனங்க கேள்வி எங்கடே?" என்பார். இல்லையென்றால், "பதில மொதல்லயே கைல வச்சுக்கிட்டு அதுக்குத் தோதா கேள்வி செஞ்சிருக்க" என்பார். இந்த இரண்டாவதைத்தான் அவர் பெரிய குற்றமாக நினைத்தார். பிரசங்க பீடத்தில் நடக்கிற மோசடியில் பாதி இதுதான் என்பது அவர் கட்சி. புதன்கிழமைதான் வசனத்துக்கு அனுமதி.

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த முறை அல்ல. அவர் மேசையில் செய்தித்தாள் அட்டை போட்ட மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் எப்போதும் இருக்கும். மூன்றும் ஜெர்மன் இறையியலாளர் பால் டில்லிக்கின் பிரசங்கத் தொகுப்புகள். 1948, 1955, 1963 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. டில்லிக்கைத் தத்துவ ஞானி என்று பாடப்புத்தகத்தில் சேர்த்துவிட்டதால், அவர் பிரசங்கமும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போனபின் கவனித்தேன், தேர்வுக்கு அவருடைய 'இறுதி அக்கறை'யைப் பற்றி ஐந்து மார்க் குறிப்பு எழுதிவிட்டு எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டில்லிக் 1886இல் அன்றைய பிரஷ்யாவில் ஒரு லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஷெல்லிங்கின் தத்துவத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1912இல் குருப்பட்டம். இதுவரைக்கும் படிப்பாளியான ஒரு போதகர் மகனின் வழக்கமான கதைதான். 1914இல் ஜெர்மன் ராணுவத்தில் சேனைக் குருவானவராகச் சேர்ந்து மேற்கு முனைக்குப் போனார். வெர்டன் சண்டையையும் பார்த்தார். போர் முடியும்வரை அவர் வேலை காயப்பட்டவர்களுக்கு ஜெபம் செய்வது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது. மனம் உடைந்து மருத்துவமனையிலும் கிடந்திருக்கிறார். தேசமும் தேவனும் ஒரே பக்கம் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில்கள் பதுங்குகுழியில் எதற்கும் உதவவில்லை. அங்கே அவரைத் தாங்கியது பத்திரிகைகளில் அச்சாகியிருந்த ஓவிய நகல்கள். பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய், மாதாவும் குழந்தையும் பாடும் தூதர்களும் இருக்கிற போட்டிசெல்லியின் மூல ஓவியத்துக்கு முன் நின்றபோது கிடைத்த அனுபவத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1919 ஏப்ரலில், ஜெர்மனி தோற்று நொறுங்கிக் கிடந்த நேரத்தில், பெர்லின் காண்ட் சங்கத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். பண்பாட்டுக்கு ஓர் இறையியல் வேண்டும் என்பது அதன் பொருள். அந்த எண்ணத்தைப் பின்னால் பல வடிவங்களில் விரித்தார். எனக்குப் பிடித்த வடிவம் 1959இல் வந்த 'பண்பாட்டின் இறையியல்' நூலின் தொடக்கத்தில் இருக்கிறது. மனித மனத்தில் தனக்கென்று ஓர் இடம் தேடி மதம் அலைகிறது. ஒழுக்கத்தின் வாசலில் நின்றால், நல்ல பிள்ளைகளை உருவாக்கும் வரை இருந்துகொள் என்கிறார்கள். அறிவிடம் போனால் அங்கே விஞ்ஞானம் உட்கார்ந்திருக்கிறது. கலையிடம் போனால், நீயும் கலையாக மாறிவிடு என்கிறார்கள். வெறும் உணர்ச்சியாகச் சுருங்கியும் பார்க்கிறது. அங்கே அதற்குப் பொருளே இல்லாமல் போகிறது. கடைசியில்தான் தெரிகிறது, தனி இடமே தேவையில்லை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஆழமாக இருப்பதே அதன் இருப்பு என்று. ஒருவன் எதை உயிரைக் கொடுத்துப் பிடித்திருக்கிறானோ அதுதான் அவனுடைய 'இறுதி அக்கறை', அதுதான் அவன் மதம்; அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான், போகவேயில்லையா என்பதெல்லாம் பிறகு. பிரசங்கம் பழகுகிறவனுக்கு இதன் நடைமுறைப் பொருள் ஒன்றுதான்: ஆராய வேண்டிய இடம் ஆலயத்துக்குள் மட்டும் இல்லை. எங்கள் ஐயர் என்னை ரேஷன் கடைக்கு அனுப்பியது இதனால்.

1933இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தபோது நாஜி அரசு அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. யூதரல்லாத பேராசிரியர்களில் முதலில் நீக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபரின் முயற்சியால் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தபோது வயது 47. ஆங்கிலம் அதற்குப் பிறகு கற்றது. போர்க் காலத்தில், 1942 முதல் 1944 வரை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்காகத் தம் ஜெர்மன் மக்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உரைகளை எழுதினார். பிரசங்கங்கள் பெரும்பாலும் யூனியன் கல்லூரிச் சிற்றாலயத்திலும் பல்கலைக்கழகங்களிலும் செய்தவை. முதல் தொகுப்பின் முன்னுரையில் ஒரு தகவல் சொல்கிறார். ஞாயிறன்று வந்து உட்கார்ந்தவர்களில் பெரும் பகுதியினர் கிறிஸ்தவ வட்டத்துக்கு முழுக்க வெளியே இருந்தவர்கள். அவர்களிடம் சபைக்குள் புழங்குகிற சொற்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சொற்கள் எந்த அனுபவத்தைச் சுட்டினவோ அந்த அனுபவத்தையே நேராகத் தொட வேண்டியிருந்தது.

அதை அவர் எப்படிச் செய்தார் என்று பார்க்க ஐயர் என்னிடம் கொடுத்த முதல் பிரசங்கம், 1948 தொகுப்பில் உள்ள 'கல்லறையில் பிறந்தது'. பக்க ஓரத்தில் பென்சிலால் அவர் ஏற்கெனவே குறி போட்டிருந்தார். மனிதனின் கேள்வி பேசுகிற பத்திக்கு 'கே', வேதத்தின் பதில் பேசுகிற பத்திக்கு 'ப'. ஓரம் முழுக்கக் 'கே'தான் நிறைந்திருந்தது.

நூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் ஒரு சாட்சி சொன்னதிலிருந்து டில்லிக் தொடங்குகிறார். நச்சுவாயு அறைக்குத் தப்பியவர்கள் சிலர் வில்னா நகரத்து யூதக் கல்லறைத் தோட்டத்தில், கல்லறைக் குழிகளுக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள். உயிரோடு இருக்க வேறு இடம் இல்லை. பக்கத்துக் குழியில் ஓர் இளம் பெண் ஆண் குழந்தை பெறுகிறாள். பிரேதத்துக்குப் போர்த்துகிற துணியைச் சுற்றிக்கொண்டு, 80 வயது வெட்டியான் பிரசவம் பார்க்கிறார். குழந்தை முதல் அழுகையை எழுப்பியதும் கிழவர் ஜெபிக்கிறார்: கல்லறையில் பிறக்க மேசியாவைத் தவிர வேறு யாரால் முடியும், அவரை அனுப்பிவிட்டாயா கடவுளே என்று. நம்மூர்ப் பிரசங்கியார் எவரானாலும் இங்கே நிறுத்தி, கிறிஸ்துமஸ் கீர்த்தனை ஒன்றுக்குத் தாவிவிடுவார். டில்லிக் தாவவில்லை. சாட்சி மேற்கொண்டு சொன்னதையும் சொல்கிறார். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் தாய்க்குப் பால் இல்லை. அந்தப் பிள்ளை அவள் கண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அந்த வரிக்கு எதிரே ஐயர் 'கே' போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தார். "இந்த எடத்துல ஆறுதல் சொல்லியிருந்தா கத கெட்டிருக்கும்" என்றார். டில்லிக் அதன்பின் செய்கிற வேலைதான் பாடம். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார் என்று வாராவாரம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், நடுவில் இருப்பதை நாம் ஓடித் தாண்டிவிடுகிறோம் என்று காட்டுகிறார். பெரிய வெள்ளியிலிருந்து நேராக ஈஸ்டருக்குப் போக நமக்கு அவசரம். கல்லறையில் கிடந்தே ஆக வேண்டிய கிழவரும் தாயும், எந்த வேதத்துக்காரர்களாக இருந்தாலும், அந்த நடு இடத்தின் கனத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். பிரசங்கம் சின்னது. ஆனால் படித்து முடித்ததும் நான் எழுதி வைத்திருந்த ஈஸ்டர் குறிப்புகளை ஐயர் கேட்காமலேயே ஓரமாக வைத்துவிட்டேன்.

இந்த முறைக்கு டில்லிக் தம் 'முறைமை இறையியல்' நூலில் வைத்த பெயரைத் தமிழில் 'தொடர்புறுத்தும் முறை' எனலாம். காலத்தின் கேள்வியைத் தத்துவமும் கலையும் அரசியலும் எழுப்பும். இறையியல்காரன் அதை முழுதாகக் கேட்க வேண்டும். பிறகு வெளிப்பாட்டின் பதிலை அந்தக் கேள்வியின் வடிவத்துக்குப் பொருந்தச் சொல்ல வேண்டும். பதில் கேள்வியிலிருந்து பிறப்பதில்லை. ஆனால் கேள்வி இல்லாத இடத்தில் போய்ச் சேருவதும் இல்லை. சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. ஒரு வாரம் செய்து பார்த்தால் முதுகு முறியும்.

படம் பார்க்கவும் ஐயர் பழக்கினார். கெத்செமனேயில் பாறைமேல் கைகோத்து முழங்காலிட்டிருக்கும் இயேசு, மேலே மேகத்தைப் பிளந்து ஓர் ஒளி. ஹைன்ரிக் ஹாஃப்மன் வரைந்த அந்தப் படத்தின் நகல் இல்லாத கிறிஸ்தவ வீடு எங்கள் பக்கம் குறைவு, காலண்டரிலாவது இருக்கும். வேடிக்கை என்னவென்றால் அதன் மூல ஓவியம், டில்லிக் வேலை பார்த்த யூனியன் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, ரிவர்சைடு ஆலயத்தில் தொங்குகிறது. அதையும் பிக்காசோவின் குவர்னிகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதுல பக்தி இருக்கு?" என்று ஐயர் கேட்டார். குவர்னிகாவில் இயேசு இல்லை, சிலுவை இல்லை. குண்டு விழுந்த ஊரில் கதறும் குதிரை, செத்த பிள்ளையைத் தூக்கி அலறும் தாய், உடைந்த கத்தி. டில்லிக் நியூயார்க்கில் இருந்த காலத்தில் அந்த ஓவியமும் அங்கேதான், நவீன கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. அதைச் சீர்திருத்தச் சபை மனத்தின் தலைசிறந்த ஓவியங்களில் ஒன்று என்று அவர் சொன்னபோது பலர் முகம் சுளித்தார்கள். பதில் தருவதால் அவர் அப்படிச் சொல்லவில்லை. மனிதன் சிதறிக் கிடக்கிற நிலையை எதையும் போட்டு மூடாமல் காட்டுகிறது என்பதே அவர் சொன்ன காரணம். 1926லேயே, செசான் வரைந்த பழத்தட்டிலும் வான்கோவின் மரத்திலும் இருக்கிற புனிதம் உஹ்டே வரைந்த இயேசுவில் இல்லை என்று எழுதியவர். கருப்பொருள் பக்தியாக இருப்பது வேறு, படைப்பின் அடியில் ஆழம் இருப்பது வேறு என்பது அவர் பிரித்துப் பார்க்கும் முறை. பக்திப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் இதே அளவுகோலைப் போட்டுப் பார்க்க ஐயர் வேலை கொடுப்பார். சபை நடுவே சொல்ல முடியாத முடிவுகள் வரும். இங்கேயும் சொல்லவில்லை.

இனி ஒரு பிரசங்கம் உருவான விதம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ஊர் முக்கில் தனியார் பயிற்சி மையத்தின் பிளெக்ஸ் போர்டு, ஐம்பது அறுபது பிள்ளைகளின் முகம், கீழே நீட் மதிப்பெண். அதைப் பார்த்துவிட்டு, 'மதிப்பெண்ணுக்குப் பின்னால் இந்தச் சமுதாயம் ஏன் ஓடுகிறது?' என்று எழுதிக்கொண்டு போனேன். "இது பேப்பர்காரன் கேள்வி. யாரு வாயில இருந்து வந்துது?" என்றார் ஐயர். மறுபடி போனேன். பீடி சுற்றுகிற ஓர் அம்மா, கழுத்துச் செயினை அடகு வைத்து மகனை அந்த மையத்தில் சேர்த்தவர், திண்ணையில் இலை வெட்டிக்கொண்டே, "இவன் டாக்டராவலன்னா நான் இத்தன நாளு எதுக்குத் தம்பி ஒழச்சேன்?" என்றார். கத்தரிக்கோல் நிற்கவே இல்லை. கேள்வி அதுதான். ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்தேன். ஐயர் படித்துவிட்டு, டில்லிக்கின் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார்.

1952இல் வந்த 'இருக்கும் துணிவு' நூலில் மனிதனின் மூன்று பதற்றங்களை டில்லிக் பிரிக்கிறார். விதியும் சாவும் தரும் பதற்றம், குற்றமும் தண்டனையும் தரும் பதற்றம், வெறுமையும் அர்த்தமின்மையும் தரும் பதற்றம். பண்டைய உலகம் முடிகிறபோது முதலாவதும், இடைக்காலம் முடிகிறபோது இரண்டாவதும், நம் காலத்தில் மூன்றாவதும் மேலோங்கி நிற்கின்றன என்பது அவர் கணக்கு. மேற்கத்திய வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் அந்த அம்மாவின் கேள்வியில் பயமும் குற்ற உணர்வும் மட்டும் இல்லை. வாழ்ந்ததற்கு அர்த்தம் உண்டா என்ற கேள்வி அது. இரண்டாவது புத்தகம் 1957இல் வந்த 'விசுவாசத்தின் இயக்கம்'. இறுதி அக்கறையாக மாறிவிடும் பொய்த் தெய்வங்களுக்கு அதில் அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று தேசம், இன்னொன்று வெற்றி. வெற்றி என்கிற தெய்வம் முழுச் சரணாகதி கேட்கும். உறவையும் மனச்சாட்சியையும் பலியாக வாங்கிக்கொள்ளும். அது சொன்ன வாக்கு பலித்தபின்னும் கை வெறுமையாகவே இருக்கும்.

புதன்கிழமை வசனத்தைத் திறந்தோம். அந்த வாரத்துக்கான பகுதி ஆதியாகமம் 22. ஆபிரகாம் மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகிற அதிகாரம். வழக்கமாக இதைக் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாகப் பிரசங்கிப்போம். திண்ணைக் கேள்வியோடு வாசித்தபோது அழுத்தம் வேறு இடத்தில் விழுந்தது. வெற்றியும் பிள்ளையைத்தான் கேட்கிறது. ஓங்கிய கையை நிறுத்தச் சொல்லும் குரல் மட்டும் அதனிடம் கிடையாது. அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றிப் பிரசங்கம் எழுதினோம். பயிற்சி மையத்தைத் திட்டவில்லை. படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டராகாத பிள்ளையையும் பெற்றவளையும் கடவுள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்ற இடத்தில் முடித்தோம். அந்த முடிவும் டில்லிக் கொடுத்ததுதான். ரோமர் 5:20ஐ வைத்து அவர் செய்த மிகப் புகழ்பெற்ற பிரசங்கத்தின் சாரம் அது.

எல்லாவற்றையும் டில்லிக்கிடம் வாங்கிக்கொள்ளலாமா என்றால், கூடாது. கேள்வியைக் கொண்டு தொடங்கினால் பதிலையும் கேள்வியே தீர்மானித்துவிடும் என்பது இறையியலாளர் கார்ல் பார்த் வழியில் வந்தவர்களின் பழைய எதிர்ப்பு. மனிதன் கேட்காததையும் தேவன் சொல்வார். கேட்டதையே புரட்டிப் போடவும் செய்வார். ஆமோஸ் தீர்க்கதரிசியை யாரும் கேள்வி கேட்டுக் கூப்பிடவில்லை. கூலி பிடித்தம் செய்கிற முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆலயத்தில், அவர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஊழியமாகாது. இந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கடவுளை 'இருத்தலின் ஆதாரம்' என்று டில்லிக் சொல்வது வகுப்பறைக்குச் சரி. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்த வாய்க்கு அது ஒட்டாது. 'ஐயா' என்றும் 'அப்பா' என்றும் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். கேள்வி கேட்பதில் டில்லிக்கை மிஞ்சிய ஆசான் எனக்குத் தெரியாது. பதிலுக்கு அவரை மட்டும் நம்பியிருந்தால் சபை பட்டினி கிடக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. டில்லிக் 1965இல் இறந்தார். 1973இல் அவர் மனைவி ஹன்னா எழுதிய நினைவுக் குறிப்புகள், பிற பெண்களோடு அவருக்கிருந்த உறவுகளையும் அதனால் தாம் பட்ட வேதனையையும் வெளிப்படையாகச் சொன்னன. பிரிவு, அந்நியப்படுதல் என்றெல்லாம் ஆழமாக எழுதியவரின் வீட்டுக்குள் அது நடந்திருக்கிறது. ஊழியம் பழக வருகிற பையன்களிடம் ஐயர் இந்தப் புத்தகத்தையும் கட்டாயம் சொல்லுவார். மேதைக்குச் சலுகை கிடையாது என்பார்.

ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு யோசனை. 1951, 1957, 1963 என்று மூன்று தொகுதிகளாக வந்த 'முறைமை இறையியல்' நூலை முதலில் எடுக்காதீர்கள். முதல் தொகுதியின் நடுவிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். 1948 பிரசங்கத் தொகுப்பில் தொடங்குங்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, அதைக் கேட்டவர்களில் பலரும் அப்படி இல்லை. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் 'கே', 'ப' குறித்தபடி வாசியுங்கள். ஒரு பிரசங்கம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆங்கிலத்துக்கும் பயப்பட வேண்டாம். 47 வயதுக்குமேல் அந்த மொழியைக் கற்றவர், பிரசங்கத்தில் வாக்கியங்களைச் சின்னதாகத்தான் வைத்திருக்கிறார்.